தடுப்பூசி மழைக்கு முன்னால் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாடுகளுக்கு உடலில் கட்டி கட்டியாக எழும்பும் தோல் கழலை நோய் பரவுகிறது என்று செய்தி வந்தால், தடுப்பூசி முகாம், சந்தைக்குத் தடை, மருந்து தெளிப்பு ஆகியவையும் கூடவே வருகின்றன. அந்த நோய் ஏன் இந்த மாதத்தில் வந்தது, ஏன் இந்தப் பக்கம் வந்தது என்பதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மாட்டையும் மேய்ச்சல் காட்டையும் நம்பி வாழும் குடும்பத்தைச் சேர்ந்த எனக்கு அந்தக் கேள்விதான் முதன்மையானதாகத் தெரிகிறது.

1929இல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் முதன்முதலில் அறியப்பட்ட இந்த நோய், 2019இல் ஒடிசாவில் தென்பட்டது. 2022இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகள் பெருமளவில் மடிந்தன. நோயுற்ற மாட்டின் இரத்தத்தைக் குடித்த கடி ஈ, கொசு, உண்ணி ஆகியவையே பெரும்பாலும் அடுத்த மாட்டுக்குக் கிருமியைக் கொண்டுபோகின்றன. கடி ஈ ஈரமான சாணத்திலும் மட்கிய தீவனக் கழிவிலும்தான் முட்டையிடும். வெப்பமான நாள்களில் அந்த முட்டை இரண்டு மூன்று வாரங்களில் ஈயாகிவிடுகிறது. குளிரில் அதைவிட வெகுநாள் ஆகும். செம்மறியாட்டை வாட்டும் நீலநாக்கு நோயைக் கொண்டுவரும் நுண்கொசுவுக்கும் சேறுதான் வீடு. அந்த நோய்க்கிருமி நுண்கொசுவின் உடலுக்குள் பெருகுவதற்கே வெப்பம் வேண்டும். அதனால்தான் வட ஐரோப்பாவை அது தொடாது என்று நம்பியிருந்தார்கள். 2006இல் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி வரை அது பரவியபோது அந்த நம்பிக்கை உடைந்தது.

அங்கே பூச்சிகளை அடக்கி வைப்பது குளிர். நமக்கு மார்கழிக் குளிர்கூட அந்த அளவுக்குக் கிடையாது. இங்கே கணக்கைத் தீர்மானிப்பவை ஈரமும் காற்றும். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் ஆனி, ஆடியில் மழையைவிடக் காற்றே அதிகம். பாலக்காட்டுக் கணவாய் வழியே அது வேகமாக வீசிக்கொண்டிருக்கும்போது நுண்கொசு எழும்பிப் பறக்காது. சாணமும் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆவணி கழிந்து காற்று அடங்கியதும் நிலைமை மாறுகிறது. புரட்டாசி, ஐப்பசி மழையில் கட்டுத்தரை சேறாகிறது, குப்பைக்குழி ஊறுகிறது, சோளத்தட்டுக் கழிவில் புழு நெளிகிறது. அந்தி சாய்ந்தால் மாடு நின்ற இடத்தில் நிற்காமல் காலை உதறிக்கொண்டே இருக்கும். தோல் கழலையும் மூன்று நாள் காய்ச்சலும் நம் ஊருக்குள் நுழைய ஏற்ற காலம் இதுதான். தொண்டை அடைப்பானும் சப்பை நோயும் பூச்சியால் வருபவை அல்ல என்றாலும், அவையும் மழை ஈரத்தோடு தலைதூக்குபவையே.

தடுப்பூசி போட்டதும் மாட்டுக்கு எதிர்ப்பு சக்தி வந்துவிடாது. ஏறத்தாழ மூன்று வாரங்கள் வேண்டும். ஊரில் ஒரு மாட்டுக்குக் கட்டி கண்ட பிறகு முகாம் போட்டால், அந்த மூன்று வாரங்களும் ஈக்களின் கையில்தான் இருக்கின்றன. எங்கள் பகுதியில் மழை தொடங்கிய பின் முகாம் நடந்த ஆண்டுகள் உண்டு. ஊசி போட வந்தவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. சேற்றில் நின்று, உதை வாங்கிக்கொண்டு வேலை செய்பவர்கள் அவர்கள். நாள் குறிக்கும் இடத்தில்தான் மழைக்கணக்கு இல்லை.

வறட்சியும் நோயைக் கொண்டுவரும். எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் தீய்ந்துவிட்டால் மாடு வேரோடும் மண்ணோடும் கடிக்கிறது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயின் விதைகள், அதாவது உறங்கும் கிருமிகள், அந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடியவை. நீண்ட வறட்சிக்குப் பின் ஒரு பெருமழை பெய்தால் அவை மேலே வந்துவிடுகின்றன. அப்படி இறந்ததாகச் சந்தேகப்படும் மாட்டை எக்காரணம் கொண்டும் அறுக்கக் கூடாது. அறுத்தால் கிருமி காற்றுப் பட்டு மேலும் விதையாகி மண்ணில் தங்கிவிடும். தீவனம் இல்லாத ஆண்டில்தான் மாடுகள் அதிகம் கைமாறுகின்றன, தொலைவிடங்களுக்கு ஏற்றப்படுகின்றன என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கோமாரி என்னும் காணை நோய்க்கு நேர்மாறான குணம். வறண்ட வெயிலில் அந்தக் கிருமி நிலைக்காது. ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் காற்றிலேயே பயணம் செய்யும். 1981இல் பிரான்சின் பிரிட்டனிப் பகுதியிலிருந்து கடலைத் தாண்டி இங்கிலாந்தின் வைட் தீவுக்கு அது காற்றில் போயிருக்கிறது. ஆகவே எல்லா நோய்க்கும் ஒரே கால அட்டவணை என்பது பொருந்தாது.

வானிலையைக் கொண்டு நோயை முன்கூட்டியே சொல்ல முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2006இன் பிற்பகுதியில் எல் நினோவால் கடல் சூடானதையும் மழை மிகுந்ததையும் செயற்கைக்கோள் வழியே கண்டு, கிழக்கு ஆப்பிரிக்காவில் கொசு பரப்பும் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்னும் கால்நடை நோய் வரக்கூடும் என்று எச்சரித்தார்கள். டிசம்பரில் கென்யாவில் அந்த நோய் வந்தது. நம் நாட்டிலும் பெங்களூருவில் உள்ள கால்நடை நோய் பரவலியல் தேசிய நிறுவனம் மாவட்டவாரியாக இரண்டு மாதங்களுக்கு முன்பே நோய் எச்சரிக்கை தருகிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமோ வானிலை அறிக்கையை உழவர்களுக்காகத் தமிழிலேயே வெளியிட்டு வருகிறது. இரண்டும் சேர்ந்து எங்கள் கைக்கு வருவதில்லை என்பதே என் ஆதங்கம்.

கால்நடைத் துறைக்கு நான் முன்வைக்கும் வேண்டுகோள் இது. நோய் எச்சரிக்கையை ஒவ்வொரு பால் கூட்டுறவுச் சங்கத்திலும் கரும்பலகையில் எளிய தமிழில் எழுதுங்கள். காலையிலும் மாலையிலும் பால் ஊற்ற வரும் பெண்கள்தான் மாட்டின் மாற்றத்தை முதலில் கவனிப்பவர்கள். அவர்கள் கண்ணில் அது பட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கான தடுப்பூசிகளை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். கோடை மழை முந்திய ஆண்டில், அட்டவணையில் இல்லாவிட்டாலும், உண்ணிக்கும் ஈக்கும் மருந்து கொடுங்கள். சித்திரையில் கண்ணபுரத்திலும் ஆடியில் அந்தியூரிலும் கூடும் மாட்டுத் தாவணிகளுக்குப் பல மாவட்டத்து மாடுகள் வருகின்றன. நான்கு வாரங்களுக்கு முன்பே தோல் கழலைத் தடுப்பூசி போட்ட சான்று இல்லாத மாட்டை உள்ளே விடக் கூடாது என்று விதி செய்யுங்கள். அந்தச் சான்று மாடு வளர்ப்பவருக்கு இலவசமாக, உள்ளூர் மருந்தகத்திலேயே கிடைக்க வழி செய்யுங்கள்.

இப்படிக்கு,
பால் உற்பத்தியாளர் ஒருவர்,
தாராபுரம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.