கையெழுத்து வைக்காத படிவம்

அன்புள்ள பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் நோவும் குறைந்துவிட்டது. நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று பெரிதாக எழுதுகிறேன்.

மூன்று ஞாயிறாக உன் அழைப்பு வரவில்லை. வேலை கூட என்றான் தம்பி. வேறொன்றும் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. ஒட்டாவாக் குளிர் ஸ்காபரோக் குளிர் மாதிரி இல்லை, காதை மூடிக்கொண்டு போ.

போன கிழமை ஒரு கலியாண வீட்டில் உன்னை விசாரித்தார்கள். மகள் பெடரல் கவர்மென்ரில் என்று நான் கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கவேணும்" என்று அப்பம்மா சொல்வது ஞாபகம் வந்தது. அப்பப்பாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் அரசாங்க உத்தியோகம் பார்ப்பது நீதான். ஆனால் வேலையில் சேரும்போது சத்தியப்பிரமாணம் எடுத்ததை இரண்டு மாதம் கழித்துத்தானே எங்களுக்குச் சொன்னாய்? நல்லதையும் சொல்லமாட்டாய், கெட்டதையும் சொல்லமாட்டாய்.

2025 ஜூனிலிருந்து ஒட்டாவாவில் இருமொழி மேற்பார்வையாளர் பதவிக்குப் புதிதாக வருபவர்களுக்கு, பிரெஞ்சு வாய்மொழியில் பி தரம் காணாது, அதற்கு மேலான சி தரம் வேண்டும் என்று வாசித்தேன். சும்மா வாசித்தேன். வாசிப்புக்கும் சி, எழுத்துக்கு பி போதுமாம். எல்லாருக்கும் அது கடினம்தான். இங்கே பிறந்த இங்கிலீஷ்காரரும் அதே சோதனைக்குத்தான் இருக்கவேண்டும்.

அப்பப்பா சிங்களச் சோதனைக்குப் போகமாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தி உத்தியோகத்தை விட்டவர் என்று சொல்லித்தான் உங்கள் இருவரையும் வளர்த்தேன். 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது, சிங்களம் பாஸ் பண்ணாவிட்டால் சம்பள உயர்வு நின்றது, அதெல்லாம் உண்மை. அவர் போகவில்லை என்பது உண்மையில்லை. அவருடைய காரியங்கள் முடிந்து பெட்டியைத் துப்புரவாக்கும்போது ஒரு கொப்பி கண்டேன். வரிக்கு வரி சிங்கள எழுத்து, ஒவ்வொன்றின் கீழும் தமிழில் உச்சரிப்பு. நடுவில் இரண்டு கடிதம். இரண்டு தரம் சோதனை எழுதியிருக்கிறார், இரண்டு தரமும் பெயில். அதன்பிறகுதான் வேளைக்கே பென்ஷன் எடுத்திருக்கிறார். பகலெல்லாம் அரசாங்கக் கச்சேரியில் பைல் பார்த்துவிட்டு இரவில் குப்பி விளக்கில் எழுதிப் பழகிய மனிசனை, அந்தக் கொப்பியைக் கண்ட பிறகும் நான் வீம்புக்காரனாக்கிக் கதை சொன்னேன். அதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

நீ பாலர் வகுப்பில் இருக்கும்போது பிரெஞ்சு இமேர்ஷனுக்கு, பிரெஞ்சிலேயே படிப்பிக்கிற வகுப்புக்கு, ஒரு படிவம் வந்தது. அம்மா நிரப்பி வைத்தாள். நான் கையெழுத்து வைக்கவில்லை. ஒரு மொழியைத் தலையில் கட்டித்தான் எங்களைத் துரத்தினார்கள், என் பிள்ளைக்கு அது வேண்டாம், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு போதும் என்று சத்தம் போட்டேன். உன்னிடம் இடம் இல்லையாம் என்று சொன்னேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை போகும்போது நீ ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாய்.

இங்கே கனடாவில் 1969இல் கொண்டுவந்த மொழிச் சட்டமும் அங்கே 1956இல் கொண்டுவந்ததும் ஒன்றல்ல. அங்கே ஒரு மொழிக்காக மற்றதைத் தள்ளினார்கள், இங்கே இங்கிலீஷ், பிரெஞ்சு இரண்டையும் வைத்தார்கள். அது எனக்கு அன்றைக்கும் தெரியும். கோபம் என்னுடையது, அதற்குக் கணக்குக் கொடுப்பது நீ. முப்பது வயது தாண்டி, வேலை முடிந்து வந்து வினைச்சொல் பாடமாக்குகிறாய். உனக்கு மண்டையில் ஏறவில்லை என்று நீ தம்பியிடம் சொன்னாயாம். பிள்ளை, அது உன் மண்டையின் பிழை இல்லை.

தம்பியை ஏசாதே. நான்தான் தோண்டிக் கேட்டேன்.

அப்பப்பாவின் கொப்பியை இதோடு அனுப்புகிறேன், ஒற்றைகள் உக்கிவிட்டன, கவனமாகத் திருப்பு. ஞாயிறு எனக்கு வேலை இல்லை, போனுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன். காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா