ஹோமரைக் காதால் கேட்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் படித்த கல்லூரியில் பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் 'ஒடிசி' காப்பியம் வெறும் கதைச்சுருக்கமாகவே நடத்தப்பட்டது. 'ரோஜா விரல்களையுடைய வைகறை தோன்றியபோது' என்ற அடி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டதற்கு, அது கவிஞரின் பழக்கம் என்றே பதில் கிடைத்தது. ஆனால் அது ஆறு சீர் அடிக்குள் அச்சாகப் பொருந்தும் மரபுத்தொடர் என்பதையும், பாடிக்கொண்டே அடியமைக்கும் பாணனுக்கு அத்தகைய தொடர்களே கைமுதல் என்பதையும், 1930களில் யுகோஸ்லாவிய நாட்டுப்புறப் பாடகர்களை ஒலிப்பதிவு செய்த அமெரிக்க அறிஞர் மில்மன் பாரியின் ஆய்வு விளக்கியது. கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் பயின்ற ஈழத்துத் தமிழறிஞர் க. கைலாசபதி, 1968இல் வெளிவந்த 'Tamil Heroic Poetry' என்ற தம் நூலில் இதே கண்கொண்டு சங்கப் பாடல்களை அணுகினார். எனவே இத்தொடர்களின் ஓசையை மாணவர்கள் காதால் உணர, மொழிபெயர்ப்போடு நிறுத்தாமல், கிரேக்க மூலத்தில் பத்து அடிகளையாவது வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டுமாறு பேராசிரியர்களை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை