பாசல் வாடிக்கையாளர்களுக்கு: சல்மன் மீனும் வர்த்தக மீதியும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பாசலிலிருந்து 8ஆம் இலக்க டிராமில் எல்லை தாண்டி ஜேர்மனியில் இருக்கும் வைல் அம் ரைனுக்குச் சாமான் வாங்க வருகிற உங்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள், கவுண்டரில் நின்றுகொண்டு அதற்குப் பதில் சொல்லி முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சுவிஸுடன் நடக்கும் பொருள் வர்த்தகத்தில் மிகை, அதாவது விற்பது வாங்குவதைவிடக் கூட; நோர்வேயுடன் பெரிய பற்றாக்குறை, அதாவது வாங்குவதுதான் கூட. இந்த வித்தியாசத்தைத்தான் வர்த்தக மீதி என்கிறார்கள். அப்படியென்றால் சுவிஸ் ஏமாறுகிறதா, நோர்வே கொள்ளை லாபம் அடிக்கிறதா?

இரண்டும் இல்லை. நோர்வேயிடமிருந்து ஒன்றியம் வாங்குவது பெரும்பாலும் எண்ணெயும் எரிவாயுவும்தான். 2021இல் ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் 40 வீதத்துக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. உக்ரைன் போருக்குப் பிறகு அது குறைந்துபோக, நோர்வே முதலிடத்துக்கு வந்தது. 2022 ஓகஸ்டில் மொத்தச் சந்தையில் ஒரு மெகாவாட் மணி எரிவாயு 300 யூரோவையும் தாண்டியது. நோர்வே அனுப்பிய அளவு கொஞ்சம்தான் கூடியது, விலைதான் பல மடங்காகியது, பற்றாக்குறையும் அதோடு வீங்கியது. பிறகு விலை இறங்க அதுவும் இறங்கியது. கார், இயந்திரம் போன்ற தொழிற்சாலைப் பொருட்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், நோர்வேயிடமும் ஒன்றியத்துக்கு மிகைதான்.

சுவிஸ் கதை வேறு. மருந்து, இரசாயனம், இயந்திரம் எல்லாம் இரண்டு பக்கமும் போய் வருகின்றன, ஒரே மருந்தின் மூலப்பொருள் ஒரு பக்கம் போய் முடிந்த மருந்தாகத் திரும்பி வருவதும் உண்டு. தங்கத்தைச் சேர்த்த அட்டவணையா சேர்க்காததா என்பதையும் பார்க்கவேண்டும், சுவிஸில் அவ்வளவு தங்கம் சுத்திகரிக்கப்படுகிறது.

இரண்டு நாடும் ஒன்றியத்தில் இல்லை. நோர்வே மக்கள் 1994இல் இரண்டாம் முறையாகவும் வேண்டாம் என்று வாக்களித்தாலும், ஒன்றியத்தின் பொதுச் சந்தையில் சேர்ந்துகொள்ள வழிசெய்யும் ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பில் இருக்கிறார்கள். சுவிஸ் மக்கள் 1992இல் அதையும் மறுத்தார்கள், அங்கே 1972 தடையற்ற வர்த்தக உடன்படிக்கையும் அதற்குப் பின் வந்தவையும்தான்.

ஆனால் மீன் விஷயத்தில் நோர்வேக்கு முழுச் சலுகை இல்லை. புதிய சல்மனுக்கு 2 வீதத் தீர்வை, புகையூட்டியதற்கு 13 வீதம். அதனால்தான் மீன் முழுசாக வந்து, போலந்து போன்ற இடங்களில் புகையூட்டப்படுகிறது. எங்கள் குளிர்பெட்டியில் இருக்கும் பொதியைத் திருப்பிப் பாருங்கள்: வளர்த்தது நோர்வே, பதப்படுத்தியது போலந்து என்று இருக்கும். இது நோர்வே மீன்தானா என்று கேட்டவர்களுக்கு, ஆம், அதேதான். இந்த மீன் ஒன்றியத்துக்குள் வரும்போது நோர்வேயுடனான பற்றாக்குறையைக் கூட்டுகிறது. அதே மீனைப் பாசலில் ஒரு வியாபாரி கொள்கலனில் இறக்கினால் சுவிஸுடனான மிகையைக் கூட்டுகிறது. நீங்கள் பையில் கொண்டுபோனால் பொருள் வர்த்தகத்திலேயே வராது, சேவைகளில் பயணச் செலவு என்ற பகுதிக்குப் போகும். இப்படி ஓடுகிற கணக்கை வைத்து யார் வென்றார், யார் தோற்றார் என்று எப்படிச் சொல்வது?

சொன்னால் என்ன நடக்கும் என்று 2025இல் பார்த்தோம். பொருள் வர்த்தக மீதியைக் காட்டி அமெரிக்கா சுவிஸுக்கு 39 வீத வரி போட்டது, நவம்பரில்தான் 15 ஆகக் குறைக்க இணங்கியது. அந்த மாதங்களில் பாசலில் வேலை செய்யும் உங்களில் பலர் எவ்வளவு கவலைப்பட்டீர்கள் என்று எங்களுக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறோம்.

சரி, உங்கள் பைக்கு வருவோம். 50 யூரோவுக்கு மேல் வாங்கினால் ஏற்றுமதிச் சீட்டு எழுதித் தருவோம், ஜேர்மன் சுங்கத்தில் முத்திரை குத்தி அடுத்த முறை கொண்டு வந்தால் வற் வரி திரும்பக் கிடைக்கும். சுவிஸ் பக்கம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 பிராங்க் வரைதான் வரி இல்லை, 2025 ஜனவரிக்கு முன் அது 300. ஆட்டிறைச்சி, கோழி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு கிலோதான் தீர்வை இல்லாமல் போகும், மீனுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.