லாரிப் பேட்டைக்குத் தாரா, கான்கிரீட்டா: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், ஓட்டுநர் சகோதரர்களுக்கும் வணக்கமுங்க.

சந்தா வசூல், ஆயுத பூஜை, கண் பரிசோதனை முகாம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு செயற்குழுவின் பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொண்டது பேட்டையின் தளம்தான்.

காரணம், சித்திரை வெயிலில் நடந்த ஒரு சம்பவம். பஞ்சரான டயரைக் கழற்ற, லோடு வண்டிக்கு ஜாக்கி கொடுத்திருந்தார்கள். இளகிக் கிடந்த தாரில் ஜாக்கி ஒரு பக்கமாகப் புதைந்து வண்டி சாய்ந்தது. கிளீனர் பையன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டதால் தப்பினான். நான் அங்கேதான் நின்றிருந்தேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

'நெடுஞ்சாலையில் தார் தாங்குகிறதே, இங்கே மட்டும் ஏன் குழி விழுகிறது?' என்று பலர் கேட்டீர்கள். சாலையில் ஓடும் சக்கரம் ஓர் இடத்தை நொடியில் கடந்துவிடும். பேட்டையில் அதே சக்கரம் லோடோடு இரண்டு நாள் நிற்கிறது. சாலைக்குப் போடும் விஜி 30 என்ற ரகத் தாருக்குத் தர நிர்ணயம் கேட்கும் இளகு நிலை, அதாவது தார் இளகும் சூடு, குறைந்தது 47 டிகிரி. நம் கோடையில் கருந்தளத்தின் சூடு 60 டிகிரியைத் தொடும். அதோடு டீசல் வேறு. தாரும் பெட்ரோலியத்திலிருந்து வருவதுதானே, டீசல் சொட்டிய இடத்தில் இளகி ஜல்லி தனியாகப் பெயர்ந்துவிடுகிறது. இன்னொன்று, 2018-ல் நாலு டயர் அச்சுக்கான அனுமதி எடை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. நம் தளம் அதற்கு முன்னால் போட்டது.

தாருக்காகப் பேசியவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. முதல் செலவு குறைவு, மறுநாளே வண்டி விடலாம், குழி விழுந்தால் ஒட்டுப் போடுவது சுலபம். கான்கிரீட் என்றால் பேட்டையை மூட வேண்டும். ரோட்டோரம் நிறுத்தினால் பேட்டரியும் டீசலும் திருடு போகும் என்ற பயம் எனக்கும் உண்டு.

கடைசியில் இப்படி முடிவானது. லாரி நிற்கும் வரிசைகள், போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நிற்கும் இடம், ஒர்க்‌ஷாப் முன்புறம் ஆகியவற்றுக்குக் கான்கிரீட். நுழைவுப் பாதைக்கும் கார், டூவீலர் நிறுத்துமிடத்துக்கும் தார். பேட்டையை மூடாமல் பாதிப் பாதியாக வேலை.

கிழக்குப் பாதி முடிந்துவிட்டது. அங்கே ஒரு மூலையில் கரிசல் மண் இருந்தது. மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடிக்கிற மண். அதன் மேல் தார் போட்டாலும் கான்கிரீட் போட்டாலும் நிற்காது. அதனால் தோண்டி எடுத்து, கிராவல் நிரப்பி, ரோலர் ஓட்டிய பிறகுதான் ரெடிமிக்ஸ் வண்டியை உள்ளே விட்டோம். எம் 40 என்ற வலுவான ரகக் கான்கிரீட், அது கண்டபடி வெடிக்காமலிருக்க நாலரை மீட்டருக்கு ஒரு ஜாயிண்ட் வெட்டு, மழைத் தண்ணீர் வடிய நூறடிக்கு ஓரடி வாட்டம்.

ஜாயிண்ட்டை, கான்கிரீட் இறுகியதும் காலம் தாழ்த்தாமல் வெட்ட வேண்டும். இரண்டு கட்டங்களில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வெட்டும் மெஷினைக் கொண்டுவரத் தாமதித்தார்கள். கான்கிரீட் அதற்குள் தன் இஷ்டத்துக்கு வெடித்துவிட்டது. விடாமல் பேசி, அவர் செலவிலேயே உடைத்து மறுபடி போட வைத்தோம். சாம்பல் கலந்த சிமெண்ட் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும் என்பதால் 14 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். பத்தாம் நாளே வண்டி விடச் சொல்லி நெருக்கமான உறுப்பினர்கள் கேட்டும், 28 நாள் முடியும்வரை நான் சங்கிலியை அவிழ்க்கவில்லை. வருத்தம் இருந்தால் மன்னிக்கணும்.

அப்புறம், மேற்குப் பாதியைத் தை பிறந்ததும் தொடங்க உத்தேசம். இந்த முறை ரிக் வண்டிகளும் வெளியே நிற்க வேண்டியிருக்கும். பக்கத்தில் அறுவடை முடிந்த வெறுங்காடு வைத்திருக்கும் உறுப்பினர்கள் ஒரு மாதத்துக்குக் கொடுத்து உதவினால், இரவுக் காவலுக்குச் சங்கமே ஆள் போடும். இன்று கூட்டம் கலைவதற்குள் என்னிடம் பெயர் கொடுங்கள்.