பரணில் கிடந்த டேப்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதியிருந்தால் சண்டையாகத்தான் எழுதியிருப்பேன். அதனால் கொஞ்சம் ஆறவிட்டேன்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்து விடுகிற பொறுப்பை நீயே வைத்துக்கொள். அவர்களிடம் விட்டால் மூன்றாம் நாளே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்படியில் நிற்பார்கள். எனக்கு இங்கே வலது முழங்கால் தகராறு. ஏறும்போது ஒன்றும் இல்லை, இறங்கும்போதுதான் அதற்கு வாய் திறக்கிறது. மகளுக்கு நியூயார்க்கில் வேலை. வாரக் கடைசியில் ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு வருவாள், சாம்பாரும் புளிக்காய்ச்சலும் எடுத்துக்கொண்டு போவாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி பண்ணியபோது அமெரிக்காவில் நாம் சேர்ந்து பார்த்த 'சாட்டர்டே நைட் லைவ்' என்கிற சனிக்கிழமை ராத்திரி நகைச்சுவை நிகழ்ச்சியை நீ பதிவு செய்த பழைய வீடியோ டேப் கிடைத்ததாக எழுதியிருந்தாய். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஃபில் ஹார்ட்மன் போனதோடு சாட்டர்டே நைட் லைவும் போய்ச் சேர்ந்துவிட்டது, ஐம்பதாம் ஆண்டு விழாவைப் பார்த்தேன், பிணத்துக்குப் பூ அலங்காரம்" என்று ஒரு வரி போட்டாய் பார், அதுதான் சுருக்கென்றது.

அந்த விழாவை, 2025 பிப்ரவரி 16 அன்று மூன்று மணி நேரம் ஓடியதே, நானும்தான் பார்த்தேன். கல்யாண ரிசப்ஷன் மாதிரி இருந்தது. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதிலேயே நேரம் போய்விட்டது, சிரிக்க எங்கே? அதை உனக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் நடிகர் ஹார்ட்மன் நிகழ்ச்சியை விட்டு விலகிய 1994 மே மாதத்தோடு எல்லாம் முடிந்தது என்கிறாயே, அதை விடமாட்டேன்.

ஏனென்றால் இதே நீ லொள்ளு சபா விஷயத்தில் என்ன பேசினாய் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சந்தானம் சினிமாவுக்குப் போனதும் அது படுத்துவிட்டது என்று நான் சொன்னேன். நீ போனில் கத்தினாய். "ஜீவா பண்ணுற ரஜினியைப் பார்த்தியா? மனோகர் கையைக் காலை ஆட்டிக்கிட்டு வர்றதைப் பார்த்தியா? ஆள் போனா ஆட்டம் போயிடுமா?" என்று கேட்டது யார்? ஊரில் உட்கார்ந்து வாராவாரம் பார்த்தவன் நீ. யாரோ கொடுத்த சிடியில் நாலு எபிசோட் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னவன் நான். இப்போது இடம் மாறி உட்கார்ந்திருக்கிறோம். நீ யூடியூபில் வரும் துண்டுகளைப் பார்க்கிறாய், நான் சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரை முழுசாகப் பார்க்கிறேன்.

சாட்டர்டே நைட் லைவ் செத்துவிட்டது என்று ஊரே சேர்ந்து எத்தனை தடவை பால் தெளித்திருக்கிறது! 1980இல் நிகழ்ச்சியை உருவாக்கிய லார்ன் மைக்கேல்ஸும் பழைய நடிகர்களும் விலகியபோது; 1985இல் அவர் திரும்பி வந்து ராபர்ட் டௌனி ஜூனியர் முதலானவர்களை வைத்து ஒரு வருஷம் தடுமாறியபோது; பிறகு 1995 மார்ச்சில் 'நியூயார்க்' பத்திரிகை அட்டைப்படக் கட்டுரை போட்டுக் கிழித்தபோது. அந்தக் கடைசி தேதியைக் கவனி. அப்போது நடிகர்கள் கிறிஸ் ஃபார்லியும் ஆடம் சாண்ட்லரும் அங்கேதான் இருந்தார்கள். நீ இன்றைக்குத் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ஃபார்லி இருந்த நிகழ்ச்சியைத்தான் அவர்கள் கிழித்தார்கள்.

ஆனால் உன்னை மடக்க இந்தத் தேதிகள் போதாது என்று தெரியும். வேறொன்று சொல்கிறேன். உனக்குப் பிடிக்காது.

நம் பொற்காலத்தில் பாதி நமக்குப் புரியவே இல்லை.

ஒஹையோ வீட்டை நினைத்துப் பார். 1992, நாம் வந்து இறங்கிய முதல் இலையுதிர் காலம். நாலு பேர், ஒரு படுக்கையறை, முப்பது டாலருக்கு யாரோ வாசலில் போட்டு விற்ற டிவி. ஆன்டெனாவின் நுனியில் அலுமினியத் தாள் சுற்றி, அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது முறை வைத்து ஆளுக்குக் கால் மணி நேரம். உன் முறை வரும்போதெல்லாம் உனக்கு பாத்ரூம் வரும். நடிகர் டேனா கார்வி பெரோவாக வந்து காதை விறைத்துக்கொண்டு பேசியபோது நாம் உருண்டு புரண்டு சிரித்தோமே, அந்த வருஷம் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற ராஸ் பெரோ யாரென்று நமக்குத் தெரியுமா? ஸ்டூடியோவில் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். திங்கட்கிழமை லேபில் போய் விசாரித்துக்கொண்டு வருவாய் நீ. இரவு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே எங்களுக்கு விளக்கம் சொல்வாய். அப்புறம் நாங்கள் இன்னொரு தடவை சிரிப்போம், இந்தத் தடவை நிஜமாக.

ஹார்ட்மன் கிளிண்டனாக வந்த அந்த மெக்டொனால்ட்ஸ் ஸ்கிட்டை, அந்தக் குட்டி நாடகத்தை, எடுத்துக்கொள். ஓட்டப் பயிற்சிக்கு வந்த ஆள் கடைக்குள் நுழைந்து, மக்களோடு கொள்கை பேசிக்கொண்டே ஒவ்வொரு தட்டிலிருந்தும் எடுத்துத் தின்பார். சோமாலியாவுக்கு அனுப்பும் உணவை நடுவில் யுத்தப் பிரபுக்கள் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று விளக்குவதற்காக அடுத்தவன் சாண்ட்விச்சைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வார். வாய் நிறைய அடைத்துக்கொண்டு ஒரு வார்த்தை குழறாமல் பேசுவார் மனிதர். 'யுத்தப் பிரபு' என்ற சொல்லே உனக்கு அன்றைக்குத் தெரியாது. யாரோ பிரபு குடும்பத்து ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தாய்! எது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பந்தியில் பக்கத்து இலையில் கைவைக்கிற ஆள் எங்கே இருந்தாலும் சிரிப்புதான். அதனால் சிரித்தோம்.

ஃபார்லிக்கு அதுகூட வேண்டியதில்லை. 1993 மே 8, நீ டேப்பில் பிடித்த அந்த இரவு. மேட் ஃபோலி என்கிற ஊக்கப் பேச்சாளர், ஆற்றங்கரையில் வேனுக்குள் குடியிருக்கிற ஆள், பெல்ட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு பிள்ளைகளுக்கு உபதேசம் செய்ய வருகிறார். டேவிட் ஸ்பேட் சிரிப்பை அடக்க முகத்தை மூடிக்கொள்கிறார். கிறிஸ்டினா ஆப்பிள்கேட்டுக்கும் அடக்க முடியவில்லை. ஃபார்லி அந்த டீப்பாய் மேல் விழுந்து அதை நொறுக்கியபோது கீழ் வீட்டுக்காரர் துடைப்பத்தால் கூரையைத் தட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு எந்தத் தேர்தலும் தெரிய வேண்டாம். நமக்கு மனசில் நின்றவை எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான் என்று இப்போது தோன்றுகிறது. புரியாதவை அப்போதே கழன்று போய்விட்டன. சல்லடையில் நின்றதை மட்டும் வைத்துக்கொண்டு 'அந்தக் காலம், அந்தக் காலம்' என்கிறோம்.

இந்த எண்ணம் சும்மா வரவில்லை. போன மாதம் நியூயார்க்கில் அந்த நிகழ்ச்சி நடக்கிற ஸ்டூடியோவுக்கே போய்விட்டு வந்தேன். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மிச்சக் கடிதத்தை நீ படித்திருக்க மாட்டாய்.

மகள்தான் காரணம். டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு ஒரு காத்திருப்பு வரிசை உண்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி நடைபாதையில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார வேண்டும். சீட்டு கொடுப்பார்கள், ஆனால் உள்ளே போவோம் என்று உத்தரவாதம் கிடையாது. ஐம்பத்தாறு வயதில், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு, திருப்பதி தர்ம தரிசன வரிசை மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பேசின பேச்சை எழுதினால் தபால்காரர் வாங்கமாட்டார். நேரலைக்கு இடம் கிடைப்பது அரிது என்று எட்டு மணி ஒத்திகையைக் கேட்டு வாங்கினோம். இடம் கிடைத்துவிட்டது.

எட்டாவது மாடி, 8எச் என்கிற ஸ்டூடியோ. டிவியில் பார்த்துப் பெரிய மண்டபம் என்று நினைத்திருந்தேன். இல்லை மாப்ளே, சின்ன இடம்தான். இசை நடத்துநர் டோஸ்கானினியின் வானொலி இசைக்குழு வாசித்த அறை அது. ஒரு ஸ்கிட் நடக்கும்போதே பக்கத்தில் நாலு பேர் ஓசைப்படாமல் அடுத்த ஸ்கிட்டுக்குச் சமையலறைச் சுவரை உருட்டிக்கொண்டு வருகிறார்கள். செங்கல் சுவர் என்று நினைத்தது பெயின்ட். நான் நடிகர்களை விட்டுவிட்டு வசன அட்டை பிடிக்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையால் எழுதிய பெரிய பெரிய அட்டைகள், ஆளுக்கொரு நிறத்தில் வசனம். ஒன்று முடிந்ததும் உருவி எடுத்து அடுத்ததைக் காட்டுகிற வேகம் இருக்கிறதே, ரேஷன் கடையில் பில் கிழிக்கிறவர் தோற்றார். நடிகர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் எங்கோ பார்த்துப் பேசுகிறார்கள் என்று நீ திட்டுவாயே, அவர்கள் பார்ப்பது இந்த அட்டையைத்தான். கடைசி நிமிஷம் வரை வசனம் மாறிக்கொண்டே இருக்கும்போது மனப்பாடம் எங்கே செய்வது?

வாரம் போகும் விதம் உனக்குத் தெரிந்ததுதான். திங்கள் பேச்சு, செவ்வாய் விடிய விடிய எழுத்து, புதன் மேசையில் நாற்பது ஸ்கிட் வரை வாசிப்பு. சனி ஒத்திகைக்குத் தேவைக்கு மேலேயே எடுத்துக்கொண்டு வருகிறார்கள், அதில் சிலது ராத்திரிக்குப் போய்ச் சேர்வதில்லை. ஒத்திகையில் ஒரு குடும்பம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிற ஸ்கிட் வந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. சும்மா இல்லை, எங்கோ ஒருத்தர் இருமியது தெளிவாகக் கேட்டது. அந்தப் பெண் நடிகை, சின்ன வயசு, அப்படியே தொடர்ந்து நடித்தாள். சிரிப்புக்கு விட்ட இடைவெளியில் சிரிப்பு வரவில்லை, ஆனாலும் அந்த இடைவெளியை முழுசாக விட்டுத்தான் அடுத்த வசனத்துக்குப் போனாள். என் அடிவயிறு கலங்கிவிட்டது.

ரயில் பிடித்து நியூ ஜெர்சியில் எங்கள் எடிசன் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் நேரலை தொடங்கிவிட்டது. காலணியைக் கழற்றாமலே டிவி முன்னால் நின்றோம். நான் ரசித்த ஒரு ஸ்கிட் காணோம். மேசை ஸ்கிட் ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் வந்தது. நடுவில் ஒரு பக்கத்தைத் தூக்கியிருந்தார்கள், அப்பா வேஷத்துக்காரர் முன்பு கத்தியதை இப்போது மெதுவாகச் சொன்னார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான், "மட்டம்" என்றேன்.

"அப்பா, புரியலைன்னா கேளுங்க. மட்டம்னு சொல்லாதீங்க" என்றாள்.

கேட்டேன். போனில் ஏதோ ஒரு வீடியோ அந்த வாரம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்ததாம், அந்தக் குடும்பம் அதைத்தான் நக்கலடிக்கிறதாம். விளக்கினாள். இன்னொரு தடவை போட்டுக் காட்டினாள். சிரிப்பு வந்தது மாப்ளே, கொஞ்சம். புளி கரைத்துக்கொண்டே விளக்கம் சொல்கிற நீ அன்றைக்கு இல்லாவிட்டால் பெரோவும் எனக்கு மட்டமாகத்தான் இருந்திருப்பார். அன்றைக்குப் புரியாவிட்டால் குற்றம் நம்முடையது என்று நினைத்தோம், போய்க் கேட்டோம். இன்றைக்குப் புரியாவிட்டால் குற்றம் அவர்களுடையது என்கிறோம்.

உன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. ஒரே ஜோக்கை ஐந்து நிமிஷம் மாவு மாதிரிப் பிசைகிற வியாதி இன்னும் இருக்கிறது, அன்றைக்கும் இருந்தது. ஸ்கிட்டை எப்படி முடிப்பதென்று அவர்களுக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை. கேமரா பின்வாங்கும், பேண்ட் வாசிக்கும், அவ்வளவுதான். அரசியல் தொடக்கக் காட்சி பல வாரம் செய்தி வாசிப்பாகப் போய்விடுகிறது. 2016இலிருந்து நாலு வருஷம் வெளியிலிருந்து நடிகர் அலெக் பால்ட்வின் வந்து டிரம்ப்பாக உதட்டைக் குவித்தாரே, முதல் மாதம் சிரித்தேன், பிறகு சேனல் மாற்றினேன். வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது விருந்தாளியைக் கூப்பிட்டுப் பாட வைப்பது எனக்கும் பிடிக்காது. ஹார்ட்மன் மாதிரி ஒருத்தர் இப்போது இல்லை என்பதும் சரிதான். தன் ஸ்கிட்டைவிட அடுத்தவன் ஸ்கிட்டைத் தூக்கி நிறுத்துகிற ஆள் அவர். அவரைப் 'பசை' என்று அங்கே கூப்பிட்டது சும்மா இல்லை. 1998இல் அவர் இறந்த சேதி வந்த அன்று நீ ஊரிலிருந்து போன் பண்ணினாய், இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ஐஎஸ்டி காசைக் கரைத்தோம்.

நடுவில் ஒன்று. காமெடியன் அஸீஸ் அன்சாரி அந்த மேடையில் தொகுப்பாளராக நின்ற சனிக்கிழமை, 2017 ஜனவரி 21. அப்பா அம்மா தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், நம் ஆள் என்று மகள் குதித்தாள். நான் பார்க்கவே இல்லை! அன்றைக்குத்தான் ஜல்லிக்கட்டுக்கு அவசரச் சட்டம். மெரினாவை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அவள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

இப்போது டேப்புக்கு வா. பழைய எபிசோட்கள் இங்கே பீகாக் என்கிற ஓடிடியில் கிடைக்கின்றன, ஆனால் பலதும் வெட்டியவை. பாட்டு உரிமைச் சிக்கல் என்று பாட்டே இருக்காது, சில ஸ்கிட்டும் இருக்காது. உன் டேப்பில் அந்த ஒன்றரை மணி நேரமும் விளம்பரத்தோடு அப்படியே இருக்கும். அதை நீ ஊருக்குக் கொண்டுபோய் வாடகை டெக்கில் போட்டபோது படம் கறுப்பு வெள்ளையாக உருண்டதே, டேப் கெட்டுப்போய் அல்ல. அது அமெரிக்காவின் 'என்டிஎஸ்சி' வீடியோ முறை, உன் டெக் இந்தியாவின் 'பால்' (PAL) முறை. இந்த ஊரில் ஓட்டலாம். எடிசனில் ஒரு கடையில் கல்யாண கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தருகிறார்கள், கேட்டுவிட்டேன். ஓட்டிப் பார்க்காதே, பூஞ்சை இருந்தால் நாடா அறுந்துவிடும். துணியில் சுற்றி, பிப்ரவரியில் வருகிற உன் மச்சினன் கையில் கொடுத்தனுப்பு.

வந்ததும் நீ போனில், நான் இங்கே, முழுசாகப் பார்ப்போம். ஒவ்வொரு ஸ்கிட்டுக்கும் நிஜமாகச் சிரித்தோமா என்று நீயே எழுதி வை. ஃபார்லி ஸ்கிட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ஆன்டெனாவை உனக்கும் சேர்த்துப் பிடித்தவன்