நூலக வாசிப்பு வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வாசிப்பு வட்டத்துக் குடும்பத்தாரே, வணக்கம்.

தில்லி மயூர் விஹாரில் நம் சங்க நூலகத்தின் மாடி அறையில் கூடிப் படித்ததைப் பற்றிய அறிக்கை இது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் மேல் அதில் பெரிதாக எதுவும் இல்லை.

மாதம் ஒரு புத்தகம் என்ற வழக்கத்தை இம்முறை கைவிட்டோம். அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரே நாவல்: பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் எழுதி 1911இல் நூலாக வந்த ‘தி சீக்ரெட் கார்டன்’. பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே வட்டத்தில் அமர்ந்து, ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் பேசினோம். இந்தியாவில் காலராவுக்குப் பெற்றோரைப் பறிகொடுத்த மேரி, யார்க்‌ஷயரில் அத்தையின் கணவர் மாளிகைக்கு அனுப்பப்படுகிறாள். அத்தை இறந்து பத்து ஆண்டுகள். அவள் நேசித்த தோட்டமும் அன்றிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. மாளிகையின் ஓர் அறையில் படுக்கையே கதியென்று காலின். அவன் மேரிக்கு அத்தை மகன் என்று தெரிந்ததும் பாட்டிமார் ஏன் சிரித்தார்கள் என்று பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதாயிற்று.

முதல் கூட்டத்திலேயே தகராறு. மேரி தன் ஆயாவைக் கன்னத்தில் அறைகிறாள், வாய்க்கு வந்தபடி வைகிறாள். இந்தியாவிலிருந்து வருகிறவள் கறுப்பாக இருப்பாள் என்று எதிர்பார்த்ததாகப் பணிப்பெண் மார்த்தா சொன்னதும் ஆத்திரத்தில் குதிக்கிறாள். ‘சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கங்கள் வேண்டாம், தாண்டிவிடலாம்’ என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். தாண்டக் கூடாது என்று நான் வாதாடினேன். இந்தப் பக்கங்களைப் பிள்ளைகள் என்றாவது தனியாகப் படிக்கத்தான் போகிறார்கள். நாம் பக்கத்தில் இருக்கும்போதே படிக்கட்டும். கைதூக்கி முடிவெடுத்தோம்; தாண்டவில்லை.

அதற்குப் பலனும் இருந்தது. மார்த்தா, டிக்கன், தோட்டக்காரர் பென் என்று யார்க்‌ஷயர் ஆட்களுக்கெல்லாம் பெயர் கூடவே வருகிறது, ஆயாவின் பெயர் மட்டும் ஏன் ஒரே ஒரு முறை வந்து மறைந்துவிடுகிறது என்று ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். பெரியவர்கள் எவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. ஆனால் 13ஆம் அத்தியாயத்தில் தூக்கம் வராத காலினின் கையைத் தடவி, ஆயா பாடிய ஹிந்துஸ்தானிப் பாட்டை மெல்லப் பாடித்தான் மேரி அவனைத் தூங்க வைக்கிறாள். ஆயா இறப்பது முதல் அத்தியாயத்தில். பர்னெட் இதை நினைத்துச் செய்தாரா, தற்செயலா என்று இரண்டு கட்சிகள் இன்றுவரை இருக்கின்றன. தற்செயல் என்பது என் கட்சி.

நவம்பரில் காற்று கெட்டுப் பள்ளிகளே இணையவழிக்கு மாறிய நாட்களில் நாமும் கூட்டங்களை ஒத்திவைத்தோம். திறந்தவெளிக் காற்றே மருந்து என்று சொல்லும் நாவலைப் பிள்ளைகள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படிக்க நேர்ந்தது. வெளிக்காற்றைக் கண்டு காலின் பயந்ததைக் கோழைத்தனம் என்று அதன்பிறகு ஒருவரும் சொல்லவில்லை.

முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. கடைசி அத்தியாயம் காலினும் தந்தையும் மாளிகைக்கு நடந்து வருவதோடு முடிகிறது. தோட்டத்தைக் கண்டுபிடித்த மேரி ஓரத்துக்குப் போய்விடுகிறாள். பெண் குழந்தைகள் இதை மன்னிக்கவே இல்லை. அவர்களில் இருவர் வேறு முடிவு எழுதி வந்தார்கள். தமிழில் எழுதியிருந்தார்கள் என்பதைச் செயற்குழு குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். நாம் நடத்தும் தமிழ் வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் ஓடுகிறவர்கள் அவர்கள். கடைசிக் கூட்டத்தைப் பூங்காவில், இலையில்லாமல் பூத்து நின்ற இலவ மரத்தடியில் வைத்தோம். நாவலின் தோட்டத்தில் பட்டுப்போனதாகத் தெரிந்த ரோஜாச் செடிகளைப் பற்றி அங்கே அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆறு மாதம் ஒரே புத்தகம் என்பது ஓய்வுபெற்ற உறுப்பினர்கள் சிலருக்கு அலுப்பாக இருந்தது. அவர்கள் குறையில் நியாயம் உண்டு. ஆகவே அவர்களுக்கென்று மாதாந்திரக் கூட்டத்தைத் தனியே மீண்டும் தொடங்கலாம் என்றும், பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் வட்டம் இப்படியே தொடரட்டும் என்றும் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். அடுத்த நாவலைப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும்.

நூலகப் பிரதிகள் சில இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர்கள் இம்மாத இறுதிக்குள் நூலகரிடம் ஒப்படைக்கவும்.

செயலாளர்,
வாசிப்பு வட்டம்