மழைக்காலத்தில் மரப்படகுகளைக் காக்க மேட்டுத் தளமும் கொட்டகையும் கோரும் மனு

அனுப்புநர்
நாட்டுப்படகு மீனவர்கள்,
தொண்டி கடற்கரைப் பகுதி,
திருவாடானை வட்டம்,
ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
ராமநாதபுரம்.

பொருள்: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையேற்றி வைக்கும் சிறிய மரப்படகுகளுக்கு மேட்டுத் தளம், மேற்கூரை, கட்டுத்தூண் அமைத்துத் தர வேண்டுதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாள்களில் அவற்றைக் கரையேற்றிப் பழுது பார்த்துக்கொள்கிறார்கள். நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை. எங்களைக் கரையில் உட்கார வைப்பது வாடைக்காற்றுதான். ஐப்பசி பிறந்துவிட்டால் கிழக்கு பார்த்த எங்கள் கரையில் கடலுக்குப் போக முடியாத நாள்களே அதிகம். மார்கழி முடியும்வரை படகுகள் மணலில் வெட்டவெளியில் கிடக்கின்றன. எங்கள் கோரிக்கை அந்த மூன்று மாதத்தைப் பற்றியது.

உப்புத் தண்ணீரில் மரம் அவ்வளவு சீக்கிரம் மக்குவதில்லை. மழைத்தண்ணீரில்தான் மக்குகிறது. படகுக்குள் தேங்கும் மழை, வங்குகளின் (பலகைகளை உள்ளிருந்து தாங்கும் வளைகட்டைகள்) அடியிலும் பலகை மூட்டுகளிலும் நின்று ஊறிப் பூஞ்சை பிடிக்கிறது. மேலே பூசிய பெயின்ட் அப்படியே இருக்கும். தை மாதம் உளியை வைத்துக் குத்திப் பார்த்தால்தான் உள்ளே மெத்தென்று போயிருப்பது தெரியும். படகின் அடிமரமான ஏராக்கட்டை ஈர மணலில் பதிந்து கிடந்தால் கரையானும் ஏறிவிடும்.

எங்களுக்குத் தெரிந்ததைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். படகின் முன்பக்கமான அணியத்தை உயர்த்தி வைத்து, பின்பக்கத் துவாரத்தின் அடைப்பைக் கழற்றிவிடுகிறோம். பெய்த மழை தானாக வடிந்துவிடும். ஏராவுக்கு அடியில் பனங்கட்டை கொடுக்கிறோம். வத்தை எனும் சின்னப் படகுகளைக் கவிழ்த்துப் போடுகிறோம். கலப்பத்து (பலகை இடுக்குகளின் அடைப்பு) விட்டுப்போன இடத்தில் பஞ்சும் குங்கிலியப் பிசினும் வைத்து அடைத்து, மீன் எண்ணெய் பூசுகிறோம். கஷ்டமெல்லாம் மேலே மூடுவதில்தான். முன்பு பெரியவர்கள் கீற்று வேய்ந்து மூடினார்கள். மழையும் இறங்காது, காற்றும் உள்ளே போய்வரும். இப்போது கைக்குக் கிடைப்பது தார்ப்பாய்தான். அதை இறுக்கிக் கட்டினால் உள்ளே புழுங்கி மரம் வேர்க்கிறது. தளர்த்திக் கட்டினால் வாடை ஒரே இரவில் கிழித்துவிடுகிறது. சரி, மூடாமலே விடலாம் என்றால், மழை விட்ட நாள்களின் வெயிலில் பலகை சுருங்கி மூட்டு வாய் திறக்கிறது.

அதனால் தார்ப்பாய் வழங்குவது மட்டும் போதாது என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறோம். எங்களுக்கு வேண்டியது பக்கச்சுவர் இல்லாத, கூரை மட்டும் உள்ள கொட்டகை. கடல் பொங்கினாலும் தண்ணீர் எட்டாத உயரத்தில், மண்ணும் சரளையும் கொட்டி மேடாக்கிய தளத்தின் மேல் அது அமைய வேண்டும். தளத்தின் ஓரத்தில் கான்கிரீட்டில் ஊன்றிய இரும்புத் தூண்கள் இருந்தால் படகுகளைக் கயிறு போட்டுக் கட்டிவிடலாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, கரையில் இருந்த படகுகள் என்ன ஆயின என்பது தாங்கள் அறிந்ததே. மணலில் அடித்த மூங்கில் முளை அந்தக் காற்றுக்கு நிற்காது. மேட்டில் படகை ஏற்ற கையால் சுற்றிக் கயிற்றை இழுக்கும் ஒரு கைவின்ச்சும் வைத்துத் தந்தால், வயதானவர்களும் பிறர் கையை எதிர்பார்க்காமல் தங்கள் படகை ஏற்றிக்கொள்வார்கள்.

கடற்கரையில் கட்டுமானம் கூடாது என்ற தயக்கம் எழலாம். மீன் உலர்களம், ஏலக்கூடம், வலை செப்பனிடும் இடம், பாரம்பரியப் படகு கட்டும் தளம் போன்ற மீனவர் தேவைகளுக்கு 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே இடம் உண்டு. இந்தக் கொட்டகையையும் அந்த வகையில் சேர்த்துப் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

ஃபைபருக்கு மாறிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மாறியவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் மரப்படகில் ஒரு பலகை போனால் அந்தப் பலகையை மட்டும் மாற்றி, அதே படகை இன்னும் பல வருடம் ஓட்டலாம். அந்த வேலை தெரிந்த ஓடாவிகள் (படகுத் தச்சர்கள்) எங்கள் கரையில் இன்னும் இருக்கிறார்கள். கொட்டகை அமைந்தால் மழை நாளிலும் அவர்களுக்கு வேலை கிடைக்கும். நனையாத இடத்தில்தான் பஞ்சும் எண்ணெயும் மரத்தில் ஒழுங்காகப் பிடிக்கும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடுகிறது. புரட்டாசிக்குள் மேட்டுத் தளத்தையும் கட்டுத்தூண்களையும் மட்டுமாவது முடித்துக் கொடுத்தால் இந்த மழைக்கே படகுகள் தப்பும். கூரையை அடுத்த நிதியாண்டில் போட்டாலும் ஏற்றுக்கொள்கிறோம். மீன்வளத்துறை, வருவாய்த்துறை அலுவலர்களை அனுப்பிக் கரையோரப் புறம்போக்கு நிலத்தைப் பார்வையிட உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். இடத்தைக் காட்டவும், மண் நிரப்பும் வேலையில் கூலி வாங்காமல் கைகொடுக்கவும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நாட்டுப்படகு மீனவர்கள்

இணைப்பு: இடத்தின் கை வரைபடம், பழுதான படகுகளின் புகைப்படங்கள், படகு உரிமையாளர்களின் கையொப்பங்கள்.